ஒரே ஃபைல், பதினான்கு படங்கள்: சித்தன்னவாசல் கையேட்டில் நான் செய்த தவறு

"பாம்பு எங்க சார்?"

சித்தன்னவாசல் குடைவரையின் அர்த்தமண்டபத்தில் நின்றபடி ஒரு பள்ளி ஆசிரியை கேட்ட கேள்வி இது. கையில் நான் தயாரித்த 24 பக்கக் கையேடு. அவர் எதிரே சுவர் மாடத்தில் பார்சுவநாதர் அமர்ந்திருக்கிறார், தலைக்கு மேல் ஐந்து தலை நாகம். கையேட்டில் படத்தின் கீழேயும் "ஐந்து தலை நாகத்தின் கீழ் பார்சுவநாதர்" என்றுதான் இருக்கிறது. ஆனால் படத்தில் இருப்பவரின் தலைக்கு மேல் ஒரு குடை மட்டும்தான். அவர் எதிர்ச் சுவரில் இருக்கும் ஆசாரியர். பக்கத்தைத் திருப்பினால் "ஆசாரியர்" என்ற குறிப்புக்கு மேலே நாகத்தோடு பார்சுவநாதர்!

இரண்டு படமும் இடம் மாறி, 300 பிரதியும் அச்சாகி, பாதிக்கு மேல் கைமாறியும் போயிருந்தது. அச்சகத்தின் மேல் பழி போட வழியில்லை. நான் கொடுத்த பிடிஎஃப்பிலேயே அப்படித்தான் இருந்தது. இன்டிசைனும் கடைசி வரை எல்லாம் சரி என்றே காட்டியது. பச்சைப் புள்ளி, காணாமல் போன லிங்க் இல்லை, பழைய லிங்க் இல்லை. அப்புறம் எப்படி நடந்தது? இதைத் தோண்டிப் பார்த்தபோது தெரிந்துகொண்டவற்றை எழுதி வைக்கிறேன். பல பக்கப் படக் கோப்பை வைத்துப் புத்தகம் செய்பவர்களுக்கு உதவும்.

ஏன் ஒரே ஃபைல்?

சித்தன்னவாசல் புதுக்கோட்டையிலிருந்து சுமார் 16 கிலோமீட்டர், அன்னவாசலுக்குப் பக்கம். போனவர்களுக்குத் தெரியும், அங்கே ஓவியங்கள் நன்றாக மங்கிவிட்டன. போட்டோ எடுத்துச் சின்னதாக அச்சிட்டால் காவியும் பச்சையும் கலந்த ஒரு திட்டுதான் தெரியும். அதனால் கோட்டோவியமாக வரைந்து போடுவது என்று முடிவு செய்தேன். புத்தகங்களில் வந்த படங்களையும் நேரில் போய் எழுதிய குறிப்புகளையும் வைத்து, இல்லஸ்ட்ரேட்டரில் ஒரே ஃபைலில் பதினான்கு ஆர்ட்போர்டு. வழிப்படம், குடைவரையின் தரைப்படம், விதானத்துத் தாமரைக் குளம் முழுதாக, அதில் தாமரை பறிக்கும் மனிதர்கள் தனியாக, மீன்களும் அன்னங்களும் தனியாக, தூண்களில் இருக்கும் இரண்டு நடனப் பெண்கள், அரசனும் அரசியும், அர்த்தமண்டபச் சிற்பம் இரண்டு, கருவறைச் சிற்பங்கள், இளங்கௌதமன் கல்வெட்டு, ஏழடிப்பட்டத்தின் 17 கற்படுக்கைகள், அங்கே இருக்கும் தமிழ் பிராமி எழுத்து.

எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் வைத்ததற்குக் காரணம் உண்டு. கோட்டின் தடிமன், சாயல், சிதைந்த பகுதியைக் காட்டும் புள்ளிக்கோடு எல்லாம் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஒரு ஸ்வாட்ச்சை மாற்றினால் பதினான்கிலும் மாற வேண்டும். தனித்தனி ஃபைல் என்றால் ஒவ்வொன்றாகத் திறந்து மாற்றி மாளாது. இல்லஸ்ட்ரேட்டரில் ஒரே ஃபைலில் பல ஆர்ட்போர்டு வைக்கும் வசதி 2008-இல் சிஎஸ்4 பதிப்பில் வந்தது. முதலில் 100 வரை, பிறகு சிசி 2018 பதிப்பிலிருந்து 1000 வரை. ஆகவே பதினான்கு என்பது ஒரு எண்ணிக்கையே இல்லை.

இன்டிசைன் எதைப் பார்க்கிறது

இங்கேதான் சூட்சுமம். இல்லஸ்ட்ரேட்டர் ஃபைலை இன்டிசைனில் பிளேஸ் செய்யும்போது அது இல்லஸ்ட்ரேட்டர் ஃபைலாக உள்ளே போவதில்லை. சேமிக்கும்போது "பிடிஎஃப் கம்பாட்டிபிள்" என்ற கட்டத்தில் டிக் இருந்தால், அதே ஃபைலுக்குள் ஒரு பிடிஎஃப் வடிவமும் சேர்ந்து பதிவாகிறது. இன்டிசைன் படிப்பது அதைத்தான். ஃபைல் சைஸ் குறையட்டும் என்று அந்த டிக்கை எடுத்துவிட்டால், படத்துக்குப் பதில் "இது பிடிஎஃப் உள்ளடக்கம் இல்லாமல் சேமித்த ஃபைல்" என்ற ஆங்கில அறிவிப்பு பக்கத்தில் வந்து உட்காரும். பலர் முதல் தடவை பயந்துபோவது இதைப் பார்த்துத்தான்.

அந்த பிடிஎஃப் வடிவத்தில் ஒவ்வொரு ஆர்ட்போர்டும் ஒரு பக்கம். முதல் ஆர்ட்போர்டு 1, இரண்டாவது 2. நீங்கள் ஆர்ட்போர்டுக்கு "பார்சுவநாதர்" என்று அழகாகப் பெயர் வைத்திருந்தாலும் பிளேஸ் செய்யும்போது கேட்பது பக்க எண்ணைத்தான். பிளேஸ் டயலாகில் "ஷோ இம்போர்ட் ஆப்ஷன்ஸ்" டிக் செய்தால்தான் எந்தப் பக்கம் என்று கேட்கும். முன்னோட்டத்தில் தெரியும் பக்கமா, எல்லாப் பக்கமுமா, இன்ன எண்ணிலிருந்து இன்ன எண் வரையா என்று தேர்ந்தெடுக்கலாம். எல்லாம் என்று கொடுத்தால் கர்சரில் வரிசையாக ஏறிக்கொள்ளும், ஒவ்வொரு கிளிக்குக்கும் ஒரு படம் இறங்கும். சுகமான வேலை.

ஆக, என் கையேட்டில் பார்சுவநாதர் இருந்த சட்டத்துக்குள் இன்டிசைன் பதிந்து வைத்திருந்தது "இந்த ஃபைலின் 9-ஆம் பக்கம்" என்பது மட்டும்தான். ஆசாரியர் 10-ஆம் பக்கம்.

அச்சுக்குப் போகும் முந்தின இரவு வேறு எதற்கோ இல்லஸ்ட்ரேட்டரைத் திறந்தேன். என் குறிப்பேட்டில் ஆசாரியர் முதலிலும் பார்சுவநாதர் அடுத்தும் இருந்தார்கள். ஆர்ட்போர்டு பேனலிலும் அதே வரிசை இருக்கட்டுமே என்று ஒன்பதையும் பத்தையும் இழுத்து மாற்றினேன். சும்மா ஒழுங்குக்காக. கோட்டில் கை வைக்கவில்லை, படத்தில் கை வைக்கவில்லை. சேமித்தேன். இன்டிசைனுக்கு வந்தால் லிங்க்ஸ் பேனலில் மஞ்சள் முக்கோணம். ஃபைல் மாறியிருக்கிறது என்று அர்த்தம். எல்லாவற்றையும் அப்டேட் செய்தேன். முக்கோணம் மறைந்தது. 9-ஆம் பக்கம் கேட்ட சட்டத்துக்கு 9-ஆம் பக்கம் கிடைத்தது. அதில் இப்போது ஆசாரியர் இருந்தார், அவ்வளவுதான்.

இரண்டு ஆர்ட்போர்டும் ஒரே அளவு. இரண்டு உருவமும் தியானத்தில் அமர்ந்தவை. சட்டத்துக்குள் ஏதும் பிதுங்கவில்லை, வெட்டுப்படவில்லை. படங்களை நான் நான்கு நாள் முன்பே சரிபார்த்தாயிற்று. அன்று இரவு எழுத்துப்பிழை மட்டும்தான் பார்த்தேன்.

ப்ரீஃப்ளைட் ஏன் கத்தவில்லை

ப்ரீஃப்ளைட் கேட்கும் கேள்விகள் வேறு. ஃபைல் இருக்கிறதா? புதிய பதிப்பா? ரெசல்யூஷன் போதுமா? எழுத்து சட்டத்தை மீறி வழிகிறதா? எல்லாவற்றுக்கும் என் கையேட்டில் சரியான பதில் இருந்தது. "சட்டத்துக்குள் இருப்பவர் யார்?" என்ற கேள்வியை அது கேட்பதே இல்லை. கேட்கவும் முடியாது, அதனிடம் இருப்பது வரிசை எண் மட்டும்தான்.

நடுவில் ஒரு ஆர்ட்போர்டைச் சேர்த்தாலும் இதே கதி. விதானத்தில் யானைகளும் எருமைகளும் இருக்கின்றன. அவற்றைத் தனிப் படமாக ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவே நுழைத்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடனப் பெண் என்று எழுதிய இடத்தில் யானை வந்து நிற்கும். அதற்குப் பிறகு வரும் எல்லாமே ஒரு படி தள்ளிப் போகும். ஒரு வகையில் அது பரவாயில்லை. யானையைப் பார்த்தால் யாருக்கும் தெரிந்துவிடும். ஒன்றுபோல இருக்கும் இரண்டு படங்கள் இடம் மாறுவதுதான் ஆபத்து. நீக்குவதும் அப்படியே. நடுவில் ஒன்றை எடுத்துவிட்டால் பின்னால் உள்ளவை எல்லாம் ஒரு எண் முன்னால் வரும்.

இது இன்டிசைனின் தனிக் குறையும் அல்ல. லேடெக்ஸில் பல பக்க பிடிஎஃப்பிலிருந்து ஒரு படத்தைச் சேர்த்தாலும் பக்க எண்ணைத்தான் கொடுக்கிறோம். வரிசை எண் என்பது ஒரு பொருள் இருக்கும் இடம், அந்தப் பொருளின் பெயர் இல்லை. பஸ்ஸில் "மூணாவது சீட்டுல இருக்கறவர்" என்று அடையாளம் சொல்வது மாதிரி. அடுத்த ஸ்டாப்பில் அவர் எழுந்து ஜன்னலோரம் போனால் நாம் சொன்ன அடையாளம் வேறு ஆளைக் காட்டும்.

இப்போது என்ன செய்கிறேன்

ஒன்று. வரிசையைத் தொடுவதில்லை. ஒரு ஆர்ட்போர்டு ஒரு தடவை பிளேஸ் ஆகிவிட்டால் அதன் எண் அதற்கே சொந்தம். புதிய படம் எப்போதும் கடைசியில். வேண்டாத படத்தை நீக்குவதில்லை, உள்ளே இருப்பதை மட்டும் அழித்துவிட்டு வெற்று ஆர்ட்போர்டாக விட்டுவிடுகிறேன். மியூசியத்தில் ஒரு பொருளுக்குக் கொடுத்த பதிவு எண்ணை, அந்தப் பொருள் போய்விட்டாலும் வேறொன்றுக்குக் கொடுக்க மாட்டார்கள் இல்லையா, அதே வழக்கம். ஃபைல் பார்க்கக் கொஞ்சம் அலங்கோலமாக இருக்கும். இருக்கட்டும்.

இரண்டு. படத்துக்குள்ளேயே பெயர். ஒவ்வொரு ஆர்ட்போர்டின் மூலையிலும், "பெயர்" என்ற தனி லேயரில், அந்தப் படம் என்ன என்று சிவப்பில் எழுதிவிடுகிறேன். ப்ரூஃப் எடுக்கும்வரை அந்த லேயர் தெரியும். சட்டத்துக்குள் "ஆசாரியர்" என்று சிவப்பில் இருந்து, கீழே குறிப்பில் "பார்சுவநாதர்" என்று இருந்தால், சமண சிற்பம் பற்றி ஒன்றும் தெரியாதவர்கூடப் பிடித்துவிடுவார். அச்சுக்குப் போகும் முன் இல்லஸ்ட்ரேட்டரில் அந்த லேயரை மறைத்துச் சேமித்து, லிங்க்கை அப்டேட் செய்தால் எல்லாப் படத்திலும் ஒரே நேரத்தில் மறைந்துவிடும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இன்டிசைனில் ஆப்ஜெக்ட் லேயர் ஆப்ஷன்ஸில், லிங்க் அப்டேட் ஆகும்போது ஃபைலில் உள்ள லேயர் நிலையை எடுத்துக்கொள்ளவா, இன்டிசைனில் நாம் மாற்றி வைத்ததையே காப்பாற்றவா என்று இரண்டு வழி இருக்கிறது. முதலாவதுதான் இங்கே வேண்டும். இரண்டாவது இருந்தால் அந்த ஒரு படத்தில் மட்டும் சிவப்பு எழுத்து மறையாமல் அச்சுக்குப் போய்விடலாம். இன்னொன்று, பெயரைத் தமிழில் எழுதுவதாக இருந்தால் இல்லஸ்ட்ரேட்டரில் தெற்காசிய எழுத்துகளுக்கான கம்போசரைத் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் கொம்பும் காலும் ஆளுக்கொரு பக்கம் நிற்கும்.

மூன்று. கிராப் விஷயம். பிளேஸ் செய்யும்போது படத்தை எது வரை வெட்டுவது என்றும் கேட்கும். நான் முதலில் "பவுண்டிங் பாக்ஸ்" வைத்திருந்தேன், அதாவது வரைந்த கோடுகளின் எல்லை வரை. விதானப் படத்தில் ஓரமாக ஒரு மீனைச் சேர்த்தேன். எல்லை விரிந்து, அப்டேட் செய்ததும் குளமே சட்டத்துக்குள் நகர்ந்து நின்றது. இப்போது ஆர்ட்போர்டின் எல்லையான "ட்ரிம்" தான். உள்ளே எதைச் சேர்த்தாலும் அழித்தாலும் படத்தின் வெளி அளவு மாறாது. மேலே சொன்ன வெற்று ஆர்ட்போர்டு உத்திக்கும் இதுவே பொருத்தம்.

நான்கு. லிங்க்ஸ் பேனலை நிதானமாகப் படிப்பது. ஒரே ஃபைலைப் பல இடத்தில் வைத்தால் பேனலில் ஒரே பெயரின் கீழ் தொகுத்துக் காட்டும். பக்கத்தில் உள்ள சின்ன முக்கோணத்தைத் திறந்தால் ஒவ்வொன்றும் வரும். ஃபைல் பெயரை அடுத்துப் புள்ளிக்குப் புள்ளி வைத்து வரும் எண் ஆர்ட்போர்டின் எண். வலப்பக்கம் தனிப் பத்தியில் இருப்பது கையேட்டின் பக்க எண். இரண்டையும் குழப்பிக்கொள்வது ரொம்ப எளிது, நானே குழப்பியிருக்கிறேன். படம் நிறைய என்றால் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதி, கையேட்டின் பக்கம், ஃபைல் பெயர், ஆர்ட்போர்டு எண் மூன்றையும் பட்டியலாக எடுத்துவிடலாம். வைத்த பிடிஎஃப்பின் பக்க எண்ணை ஸ்கிரிப்டால் படிக்க முடியும். அந்தப் பட்டியலைக் கையால் எழுதிய பட்டியலோடு ஒப்பிட எனக்குப் பத்து நிமிடம் ஆகிறது. அந்தப் பத்து நிமிடத்தை அன்று செலவழித்திருக்கலாம்.

தவறான படம் வந்துவிட்டால் திருத்துவது சுலபம். சட்டத்தைத் தேர்ந்தெடுத்து, மறுபடி பிளேஸ் கொடுத்து, இம்போர்ட் ஆப்ஷன்ஸில் சரியான பக்கத்தைச் சொல்லி, தேர்ந்தெடுத்ததை மாற்று என்ற டிக்கோடு ஓகே கொடுத்தால் போதும்.

எதைப் பிரிப்பது, எதைச் சேர்த்து வைப்பது

"பேசாமல் தனித்தனி ஃபைலா வச்சுட்டா இந்தத் தலைவலியே இல்லையே?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இல்லஸ்ட்ரேட்டரில் சேமிக்கும்போதே ஒவ்வொரு ஆர்ட்போர்டையும் தனி ஃபைலாகச் சேமிக்கும் வழி இருக்கிறது. ஆர்ட்போர்டின் பெயர் ஃபைல் பெயரில் ஒட்டிக்கொள்ளும். ஆக, இன்டிசைனுக்கு இப்போது எண்ணுக்குப் பதில் பெயர் போகிறது. வரிசையை எப்படி மாற்றினாலும் "பார்சுவநாதர்" ஃபைலில் பார்சுவநாதர்தான் இருப்பார். விலை என்னவென்றால், மூல ஃபைலில் ஒரு கோட்டைத் திருத்தினாலும் மறுபடி எல்லாவற்றையும் தனித்தனியாகச் சேமிக்க வேண்டும். மறந்தால் மூலத்தில் ஒன்று, கையேட்டில் வேறொன்று.

தனி ஃபைலில் இன்னொரு லாபமும் உண்டு. ஃபைல் இன்ஃபோவில் அந்தப் படத்தின் விவரத்தை எழுதி வைத்தால், இன்டிசைன் அதைப் படித்துப் படக்குறிப்பாகவே போட்டுவிடும். குறிப்பைத் தனியாக டைப் செய்ய வேண்டாம், படமும் குறிப்பும் சேர்ந்தே நகரும். பல ஆர்ட்போர்டு ஃபைலில் இது நடக்காது. விவரம் ஃபைலுக்கு ஒன்றுதான், பதினான்கு படத்துக்கும் ஒரே குறிப்பு வரும்.

நான் நடுவழியாகப் போகிறேன். விதானத்தின் பகுதிகள், நடனப் பெண்கள், வழிப்படம் எல்லாம் ஒரே ஃபைலில், எண்ணை மாற்றாமல். மாறிப்போனால் கண்டுபிடிக்க முடியாத படங்களான சிற்பங்களும் கல்வெட்டுகளும் மட்டும் தனித்தனி ஃபைலில், பெயரோடும் விவரத்தோடும். எழுத்து தெரியாதவர் கண்ணுக்கு எந்தக் கல்வெட்டும் ஒன்றுபோலத்தான்.

மாடத்தின் அருகே

மீதிப் பிரதிகளை வரவழைத்து, உட்கார்ந்து ஒவ்வொன்றிலும் திருத்தச் சீட்டு ஒட்டினேன். கைமாறிப் போனவற்றை என்ன செய்வது? அவற்றில் சில பள்ளிக்கூடங்களுக்குப் போயிருக்கின்றன. அங்கே ஒரு பிள்ளை ஆசாரியரைப் பார்சுவநாதர் என்று எழுதி மார்க் வாங்கியிருக்கும். அதுதான் உறுத்துகிறது.

அடுத்த தடவை சித்தன்னவாசல் போனபோது அந்த இரண்டு மாடங்களின் முன்னால் கொஞ்ச நேரம் கூடுதலாக நின்றேன். ஒன்றின் அருகே "திருவாசிரியன்" என்று பொறித்திருக்கிறது. மற்றதன் அருகே "உலோகாதித்தன்". கல்லில், சிற்பத்தோடு சேர்ந்தே. ஆசாரியரைத் தீர்த்தங்கரர் என்று யாராவது தவறாகச் சொன்னால், பக்கத்தில் இருக்கும் எழுத்தைக் காட்டினால் போதும். நான் மாற்றி அச்சிட்டது இப்படிப் பெயர் எழுதி வைத்திருக்கும் இரண்டையும்தான். இந்த எழுத்தைப் படித்துக் குறிப்பு எடுத்துத்தான் படமே வரைந்தேன் என்பது இன்னும் கேவலம்.

தூணில் இருக்கும் அரசனுக்கும் அரசிக்கும் அருகில் அப்படி ஒரு பெயர் இல்லை. குடைவரை மகேந்திரவர்மன் காலத்தது என்று கருதியவர்கள் அவரை மகேந்திரவர்மன் என்றார்கள். மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் இந்தக் கோயிலைப் புதுப்பித்தான் என்று சொல்லும் பாண்டியர் காலக் கல்வெட்டை வைத்துப் பார்ப்பவர்கள் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் என்கிறார்கள். பெயர் எழுதாமல் விட்ட ஒரு உருவம் நூறு வருஷமாகப் பெயர் மாறிக்கொண்டே இருக்கிறது.

இரண்டாம் பதிப்புக்கான ஃபைலில் அந்த ஆர்ட்போர்டின் மூலையில் சிவப்பில் "அரசன், அரசி" என்று மட்டும் எழுதியிருக்கிறேன். அதற்கு மேல் எழுத எனக்கு உரிமை இல்லை.